ஐந்து டப்பா, ஒரே வயிறு

சாப்பிட உட்காரும் நேரத்தில் இதைப் படிக்காதீர்கள். நான் சொல்லப்போவது மலத்தைப் பற்றி. அதைப் பேச எனக்கும் ஆசையில்லை. நாசூக்காகச் சொல்லிப் பார்க்கலாம் என்று இரண்டொரு முறை முயன்றேன், வரவில்லை. அந்த வீட்டில் நடந்ததிலிருந்து மலத்தை எடுத்துவிட்டால் சொல்வதற்கு ஒன்றும் மிஞ்சாது.

அப்போது நான் அந்த வீட்டு மாடி அறையில் தனியாகக் குடியிருந்தேன். மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை, சாப்பாடு கீழ்வீட்டில். கீழே அண்ணன் குடும்பமும் தம்பி குடும்பமும் ஒன்றாக இருந்து சாப்பாட்டுத் தொழில் நடத்தினார்கள். தெருக்கோடியில் இருந்த தையல் ஆலைப் பெண்களுக்கு மதியச் சாப்பாடு இங்கிருந்துதான் போகும். அண்ணனை எல்லோரும் பெரியவர் என்பார்கள். ஆலைக்காரர்களிடம் பேச்சுவார்த்தை அவருடையது. அவர் மனைவி பெரியவள், அவளுக்கு மேற்பார்வை. மேற்பார்வை என்றால் முற்றத்து நாற்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு மற்றவர்கள் கையைப் பார்த்துக்கொண்டிருப்பது. தம்பி வண்டி ஓட்டுவான். தம்பி மனைவி சின்னவளுக்கு மீதி வேலை முழுவதும். காய் நறுக்குவாள், சோறு வடிப்பாள், முட்டை அவிப்பாள், பால் காய்ச்சுவாள், அடுக்குகளில் பரிமாறி வண்டியில் ஏற்றிவிடுவாள். பாத்திரம் தேய்க்க மட்டும் வெளியிலிருந்து ஒரு பெண் வருவாள். அவளைப் பாத்திரக்காரி என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள்.

சின்னவளுக்கு ஒரு பெண் குழந்தை. மூன்று வயது இருக்கும். வாண்டு என்று கூப்பிடுவார்கள். அது அம்மா கையைத் தவிர வேறு யார் கையிலும் ஒரு வாய் வாங்காது.

சமையல்கட்டுக்கும் முற்றத்துக் கடைசியில் இருந்த கழிப்பறைக்கும் நடுவில் ஒரு திறந்த சாக்கடை ஓடியது. ஓடியது என்று சொல்வது அதற்கு மரியாதை. காய்த்தோலும் சோப்பு நுரையும் தலைமயிரும் சேர்ந்து அது அங்கேயே படுத்துக் கிடக்கும். கழிப்பறை ஒன்றுதான், வீட்டுக்காரர்கள், பாத்திரக்காரி, நான் எல்லோருக்கும் அதுவே. தகரக் கதவின் தாழ்ப்பாள் எப்போதும் ஈரமாக இருக்கும். அந்த ஈரம் தண்ணீர்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தாழ்ப்பாளைப் போடுவேன்.

வாரத்தில் ஒரு நாள் ஆலைக்குப் பழக் கஸ்டர்டு போகும். காய்ச்சி ஆறவைத்த பாலில் நறுக்கிய பழத்தைக் கொட்டி, சின்னவள் முழங்கை வரை கையை விட்டுக் கலப்பாள். கரண்டி போட்டால் பழம் மசிந்துவிடும் என்பது பெரியவளின் சட்டம். அந்தக் கையைச் சோப்பு போட்டுக் கழுவவும் விடமாட்டாள். சோப்பு வாசனை கஸ்டர்டில் ஏறிவிடுமாம். கழிப்பறையிலிருந்து வந்தாலும் சரி, தண்ணீரில் ஒரு அலசு, முந்தானையில் ஒரு துடைப்பு, கை நேராகப் பாலுக்குள். மாடிப்படியில் நின்று அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்குக் கஸ்டர்டு ஆகாது என்று சொல்லிவிட்டேன். மற்றதெல்லாம் கொதிக்கிறதே என்று கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன்.

வெயில் கொளுத்திய ஒரு மாதத்தில் ஆலையில் காய்ச்சல் வந்தது. தையல் இயந்திரங்கள் வரிசை வரிசையாக ஆளில்லாமல் நின்றன என்று தம்பி வந்து சொன்னான். குடல் காய்ச்சல் என்றார்கள். அடுத்து வாண்டு படுத்தது. வயிறு உப்பி, நாக்கு வெள்ளையடித்து, பச்சையாகப் போய்க்கொண்டே இருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சின்னவள் இங்கே சமைத்துவிட்டு அங்கே ஓடுவாள், ஊட்டிவிட்டு இங்கே ஓடி வருவாள். குழந்தை கொஞ்சம் தேறி வீட்டுக்கு வந்து சேர்ந்த வாரம், சுகாதார ஆய்வகத்து டாக்டரம்மா ஒரு பை நிறைய டப்பாக்களோடு வந்தார்.

தலை பாதி நரைத்த, குரல் பெரிய அம்மாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக முற்றத்துக்கு வந்து, ஆளுக்கு ஒரு டப்பாவை நீட்டினார்.

"நாளைக்குக் காலையில போனதும் இதுல இருக்கற சின்னக் கரண்டியால நெல்லிக்காய் அளவு எடுத்துப் போடுங்க. மூடிய இறுக்கி, மேல பேர் எழுதி வைங்க. ஆள் வந்து வாங்கிப்பாங்க."

பெரியவர் டப்பாவைக் கையில் வாங்கவில்லை. "எதுக்கு டாக்டரம்மா இதெல்லாம்? காய்ச்சல் வந்தது ஆலையில. எங்க வீட்டுப் பெரியவங்க அத்தனை பேரும் கல்லு மாதிரி இருக்கோம்."

"கல்லு மாதிரி இருக்கறவங்கதான் எனக்கு வேணும். படுத்தவங்களோடது ஏற்கெனவே வாங்கியாச்சு."

"அதுக்கு ரத்தம் எடுத்துக்கங்களேன். ரத்தம்னா கௌரவமா இருக்கும்."

"நான் கௌரவத்தைத் தேடி வரல," என்றார் டாக்டரம்மா. எனக்கும் ஒரு டப்பா கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் வாளியோடு மாடிப்படியில் என் முறைக்குக் காத்திருந்தேன். கீழே முற்றத்தில் மாநாடு நடந்தது. அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. காலி டப்பாக்கள் பெரியவளின் நாற்காலிக்கடியில் வரிசையாக இருந்தன.

"எனக்கு இன்னிக்கு வர்ற நாளே இல்ல," என்றாள் பெரியவள். "எனக்கெல்லாம் அது நெனைச்ச நேரத்துக்கு வராது. கெஞ்சிக் கூத்தாடணும்."

"ஒரு பொம்பள டாக்டர் என்னுதக் கிண்டிப் பாக்கறதுன்னா, மானம் போகுது," என்றார் பெரியவர்.

தம்பி டப்பாவைத் திறந்து உள்ளே கரண்டியைப் பார்த்ததுமே ஓங்கரித்தான். "என்னால ஆகாது அண்ணி. நெனைச்சாலே கொமட்டுது."

பெரியவள் காலாட்டுவதை நிறுத்தினாள். அவளுக்கு ஒரு யோசனை வந்துவிட்டது.

"ஏன் அஞ்சு பேரும் அல்லாடணும்? ஒரே அடுப்பு, ஒரே சட்டி. எல்லாரும் திங்கறது ஒண்ணு. வயித்துக்குள்ள மட்டும் வேற வேறயாவா இருந்துடப் போவுது?"

"அதான," என்றார் பெரியவர். "ஒரே தொட்டித் தண்ணி. எந்தக் குழாயில புடிச்சா என்ன?"

"சின்னவளே, நீ போயிட்டியா?"

"இனிமேத்தான் அக்கா." அவள் சோற்றுப் பதம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அஞ்சையும் எடுத்துட்டுப் போ. பாத்திரக்காரியோடதும் சேத்து. அவ வர்றதுக்கு நேரமாவும்."

சின்னவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "எல்லாருக்குமா? நானா?"

"பின்ன? சமைக்கறது எல்லாருக்கும் நீதானே?"

அவள் தன் புருஷனைப் பார்த்தாள். அவன் வண்டிச் சாவியைத் தேடுகிறவன்போலச் சட்டைப் பையைத் தட்டிக்கொண்டிருந்தான். அவள் டப்பாக்களை முந்தானையில் அள்ளிக்கொண்டு போனாள். திரும்பி வரும்போது அவற்றை ஒரு தட்டில் வைத்து ஏந்திக்கொண்டு வந்தாள். அது காய் நறுக்கிப் போடும் தட்டு. அதற்குப் பிறகும் அதில்தான் காய் நறுக்கினார்கள், நான் பார்த்தேன்.

தம்பி அழகான கையெழுத்தில் பெயர்களை எழுதி ஒட்டினான். பெரியவர் தன் பெயர் ஒட்டிய டப்பாவைக் கையில் எடுத்து, மூடி இறுகியிருக்கிறதா என்று திருகிப் பார்த்து, "சூடு ஆறல," என்றார். பெரியவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கண்ணில் தண்ணீர் வருமளவு சிரித்தாள். அண்ணனும் தம்பியும் சேர்ந்து சிரித்தார்கள். சின்னவள் சிரிக்காமல் உலைக்குத் திரும்பினாள். போகிற வழியில் வழக்கம்போல ஒரு அலசு, ஒரு துடைப்பு.

என் டப்பாவை நானே நிரப்பினேன். பெருமைக்குச் சொல்லவில்லை. எனக்கு நிரப்பித் தர ஆளில்லை.

அடுத்த வாரம் சமையல்கட்டுக் கதவில் முத்திரை வைத்தார்கள். என்னுடையது தவிர ஐந்து டப்பாவிலும் கிருமி இருந்ததாம். சட்டிகள் கவிழ்ந்து கிடந்தன. தம்பியின் வண்டி வாசலில் வெயிலில் காய்ந்தது. பெரியவர் தினமும் சட்டையை மாட்டிக்கொண்டு ஆலைக்குப் போய்க் கெஞ்சிவிட்டு வந்தார். வேறு யாரோ சாப்பாடு போட ஆரம்பித்துவிட்டார்கள், சீக்கிரம் திறக்காவிட்டால் அவ்வளவுதான் என்று பயந்தார். இதற்கு நடுவில் வாண்டுக்கு மறுபடியும் காய்ச்சல். இந்த முறை வயிற்றைத் தொட்டாலே வீறிட்டது. குடலில் ஓட்டை விழுந்தாலும் விழலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். சின்னவள் தூங்கி எத்தனை நாள் ஆயிற்றோ, கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய், நடக்கும்போதே சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

மழைக்கு முந்திய புழுக்கம். சாக்கடை பொங்கி வெடித்துவிடும்போல நாறிய ஒரு பிற்பகலில் டாக்டரம்மா திரும்ப வந்தார். எல்லோரையும் முற்றத்தில் உட்காரச் சொன்னார். என் பரிசோதனை முடிவையும் சொல்ல வேண்டியிருந்ததால் என்னையும் கூப்பிட்டார். பெரியவள் கடையிலிருந்து டீயும் பிஸ்கட்டும் வரவழைத்தாள். டாக்டரம்மா பிஸ்கட்டை டீயில் தோய்த்து வாயில் போட்டுக்கொண்டே ஆரம்பித்தார். அந்த நாற்றத்தில், அந்தப் பேச்சுக்கு நடுவில், ஒரு மனுஷியால் எப்படித் தின்ன முடிகிறது என்று நான் என் பிஸ்கட்டைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

"ஒண்ணு கேக்கறேன். உங்க அஞ்சு பேருக்கும் ஒரே வயிறா?"

பெரியவள் பிஸ்கட் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"ஒரு வீட்ல ஒருத்தர் கிருமிய சுமந்துட்டுக் காய்ச்சல் இல்லாம நடமாடறது உண்டு. அஞ்சு பேரும் அப்படின்னா நம்பற மாதிரி இல்ல. அதனால டப்பாக்களப் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பினேன். அங்க கெட்ட கிருமிய மட்டும் தேடறதில்ல. குடலுக்குள்ள குடியிருக்கற அத்தனையையும் படிச்சுடறாங்க."

"குடியிருக்கறதா?" என்றான் தம்பி. அவன் முகம் ஏற்கெனவே கோணியிருந்தது.

"கோடிக்கணக்குல. உங்க வயித்துலயும்தான். நீங்க திங்கறதுல பாதி வேலைய அதுங்கதான் பாக்குது." இன்னொரு பிஸ்கட் எடுத்தார். "எங்களுக்கே இது லேசுல புரியல. ரொம்ப காலத்துக்கு முன்னாடி டாக்டருங்க, காய்ச்சல் நாத்தத்தால வருதுன்னு நெனைச்சாங்க. சாக்கடை நாறுதா, சன்னலச் சாத்துன்னுவாங்க. அப்புறம் கண்ணாடி வெச்சுக் கிருமியப் பாத்தாங்க. பாத்ததும், இது நோயாளி வயித்துலதான் இருக்கும்னு முடிவு கட்டிட்டாங்க. அதுவும் தப்பு. காய்ச்சல் விட்டுப் போயும் சில பேருக்குக் கிருமி போகாது. பித்தப்பையில போய்க் குடித்தனம் நடத்தும். அவங்களுக்கு ஒரு தும்மல்கூட வராது. அவங்க கையால சாப்பிடறவங்கதான் படுப்பாங்க."

"அப்படிப்பட்டவங்கள என்ன பண்ணுவாங்க டாக்டரம்மா?"

கேட்டது சின்னவள். தூணோரம் நின்றுகொண்டிருந்தாள். குரல் மெலிந்து வந்தது.

"அந்தக் காலத்துல ஒரு சமையக்காரியப் பூட்டி வெச்சிருக்காங்க. வருஷக்கணக்கா. திருடியும் இல்ல, கொலைகாரியும் இல்ல, சமைச்சதுதான் தப்பு."

"இப்ப?"

"இப்ப மாத்திரை இருக்கு. ஒரு மாசம் சாப்பிடணும். அதுக்கும் அடங்கலைன்னா பித்தப்பைய எடுத்துடலாம். நடுவுல எங்களுக்கும் ஒரு கிறுக்குப் புடிச்சுது. வயித்துல இருக்கற எல்லாமே எதிரி, எல்லாத்தையும் கொல்லுன்னு மாத்திரைய அள்ளி அள்ளிக் கொடுத்தோம். நல்லதும் சேந்து செத்துப்போச்சு. காலி எடத்துல அதவிட மோசமானது வந்து சப்பணம் போட்டு உக்காந்துடுச்சு. அதுக்கப்புறம்தான் புத்தி வந்து, மொதல்ல உள்ள யார் யார் இருக்காங்கன்னு பாப்போம்னு ஆரம்பிச்சோம். அதுல தெரிஞ்சது இதுதான். ஒரே தட்டுல சாப்பிடற புருஷன் பொண்டாட்டிக்குக்கூட உள்ள இருக்கற கூட்டம் அச்சா ஒத்துப்போகாது. கொஞ்சம் கொஞ்சம் ஒத்துப்போகும், முழுசா போகாது. உங்க அஞ்சு டப்பாவும் முழுசா ஒண்ணு. அஞ்சும் ஒரே ஆளோடது. யாரோடது?"

பெரியவர் தரையைப் பார்த்தார். தம்பி கூரையைப் பார்த்தான். டாக்டரம்மா டீயைக் குடித்து முடித்தார்.

"சொன்னா அந்த ஒருத்தருக்கு வைத்தியம் பாப்பேன். மத்தவங்களுக்கு மறுபடியும் பரிசோதிச்சுச் சமையல்கட்டத் திறக்கலாம். சொல்லலைன்னா அஞ்சு பேரும் வெளியில. ஆஸ்பத்திரியில இருக்கற குழந்தையும் தேறித் தேறிப் படுக்கும்."

சமையல்கட்டைத் திறக்கலாம் என்ற சொல் பெரியவளை நிமிர்த்தியது. ஒரு நொடிகூடத் தயங்கவில்லை அவள்.

"பாத்திரக்காரியோடது," என்றாள். "எங்களுக்கு அன்னிக்கு வேலை நெருக்கடி. நீயே எல்லாத்துக்கும் போட்டுக் குடுத்துடுன்னு அவகிட்டக் குடுத்தோம்."

சாக்கடையோரம் குத்துக்காலிட்டிருந்த பாத்திரக்காரி எழுந்தேவிட்டாள். "அம்மா! என்னம்மா இப்படி வாய் கூசாமச் சொல்றீங்க? நான் வந்தப்பவே டப்பாவுல எம்பேர ஒட்டி வெச்சிருந்தீங்க. எனக்கு எழுதப் படிக்கக்கூடத் தெரியாது. இது உன்னுதுடின்னு நீங்கதானே சொன்னீங்க!"

"பாத்தீங்களா, எப்படிப் புளுகறா."

பெரியவர் தொண்டையைக் கனைத்தார். "ஆமாங்க. அவளோடதுதான்." தம்பி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதிலும் ஒரு தலையாட்டல் உண்டே, அதைச் செய்தான். அந்த ஐந்து டப்பாவும் திறந்து என் முகத்துக்கு நேரே நீட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு அருவருத்திருக்காது. நான் வாயைத் திறக்கப் போனேன்.

டாக்டரம்மா பாத்திரக்காரி பக்கம் திரும்பினார். "நீங்க வேற எங்க வேலை பாக்கறீங்க?"

"நாலு வீடு போறேன். அதுல ஒண்ணு கைக்குழந்தை இருக்கற வீடு. வேணாம்மா, அங்கல்லாம் சொல்லிடாதீங்க. புருஷன் இல்லாதவ. அந்த நாலு வீடு இல்லைன்னா..."

"அது என்னுது," என்றாள் சின்னவள்.

"நீ சும்மா இருடி."

"அஞ்சும் என்னுது டாக்டரம்மா. அவ இல்ல. நான்தான் போட்டுக் குடுத்தேன்."

பெரியவள் எழுந்து அவள் கையைப் பிடித்து உள்ளே இழுக்கப் பார்த்தாள். சின்னவள் அசையவில்லை. தூணைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"உங்களுக்கு எப்பவாவது பெரிய காய்ச்சல் வந்திருக்கா?" என்று டாக்டரம்மா மெதுவாகக் கேட்டார்.

"கல்யாணமான புதுசுல. மாசக்கணக்குல படுத்திருந்தேன். அக்காதான் பாத்துக்கிட்டாங்க." பெரியவளை அவள் அப்போதும் விட்டுக்கொடுக்கவில்லை. "அதுக்கப்புறம் ஒரு தலைவலிகூட இல்ல."

"குழந்தைக்கு ஊட்டறது யாரு?"

"நாந்தான். வேற யார் கையிலயும் வாங்க மாட்டா."

"நடுவுல தேறி வீட்டுக்கு வந்துதே, அப்ப?"

"அப்பவும் நாந்தான். எளைச்சுப் போயிட்டாளேன்னு..." அவள் நிறுத்தினாள். "பழத்தக் கையால பிசைஞ்சு..."

டாக்டரம்மா கையிலிருந்த பிஸ்கட்டைத் தட்டில் வைத்தார். சின்னவள் தன் வலது கையை விரித்துப் பார்த்தாள். பிறகு சாக்கடையோரம் ஓடி உட்கார்ந்து வாந்தியெடுத்தாள். வயிற்றில் ஒன்றுமில்லை, வெறும் பித்தநீர்தான் வந்தது. வந்துகொண்டே இருந்தது. புருஷன் எழுந்து இரண்டடி வைத்துவிட்டு நின்றுவிட்டான். டாக்டரம்மாதான் போய் அவள் நெற்றியைப் பிடித்தார்.

"இது உங்க தப்பு இல்லம்மா. உங்களுக்குத் தெரியாது. யாரும் சொல்லித் தரல." அவளைக் குழாயடிக்குக் கூட்டிப்போய், சோப்பு கேட்டு வாங்கி, விரல் இடுக்கு, நகக்கண், கட்டைவிரல், மணிக்கட்டு என்று தேய்த்துக் காட்டினார். "கழிப்பறை போயிட்டு வந்தாலும், சாப்பாட்டத் தொடறதுக்கு முன்னாடியும் இப்படி. மாத்திரை இன்னிக்கே ஆரம்பிங்க. நான் சொல்ற வரைக்கும் சமைக்க வேணாம்."

"எம்பொண்ணுக்கு ஊட்டலாமா?"

"கட்டாயம் ஊட்டலாம். இப்படிக் கழுவிட்டு, ஒரு ஸ்பூன் வெச்சுக்கிட்டு. குழந்தைக்கு அம்மா வேணாமா?" இதை அவர் முற்றம் முழுவதும் கேட்கத்தான் சொன்னார்.

அன்று சாயங்காலமே மழை பிடித்தது. சாக்கடை நிரம்பி முற்றத்தில் ஏறியது. மிதந்து வந்தது எது என்று பார்க்காமல் நான் மாடிக்கு ஓடினேன். மற்ற நாலு பேரின் டப்பாக்களும் இந்த முறை நர்ஸ் ஒருத்தி கதவுக்கு வெளியே காவல் நிற்க நிரப்பப்பட்டன. பெரியவளுக்கு அன்று வர்ற நாளாக இருந்தது போலும். எல்லாருடையதும் சுத்தம் என்று வந்தது. முத்திரையை உடைத்தார்கள். கஸ்டர்டு நின்றுபோனது, மற்ற சமையலைப் பெரியவள் வாழ்க்கையில் முதல்முறையாக வேர்க்க விறுவிறுக்கச் செய்தாள்.

சின்னவளுக்கு அவர்கள் செய்ததைச் சொல்லத்தான் எனக்கு இன்னும் வாய் கசக்கிறது. முற்றத்துத் தகரக் கொட்டகையில் ஒரு பாய். ஒரு தட்டு, ஒரு டம்ளர். இரண்டிலும் சிவப்பு நெயில் பாலிஷால் புள்ளி வைத்திருந்தாள் பெரியவள். சின்னவள் கழிப்பறைக்குப் போய்வந்தால் பின்னாலேயே தம்பி ஒரு வாளி பினாயிலோடு போவான், மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு. அவள் தொட்ட குழாயைப் பெரியவர் காலால் திறந்தார். ஒரு நாள் நான் கீழே இறங்கும்போது அவள் தவறிப்போய்க் கொடியிலிருந்து புருஷனின் சட்டையை எடுத்து மடித்துவிட்டாள். அவன் அதை வாங்கி, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மறுபடி நனைக்கப் போட்டான்.

யாருக்காக வாயைத் திறந்தாளோ, அந்தப் பாத்திரக்காரியும் அவள் தட்டைத் தொடவில்லை. "மன்னிச்சுக்கங்க சின்னம்மா. நாலு வீடு போறவ நான். பச்சக் குழந்தை இருக்கற எடம்," என்று சொல்லித் தட்டைக் குச்சியால் ஓரம் தள்ளினாள். சின்னவள் தலையாட்டிவிட்டுத் தன் தட்டைத் தானே கழுவிக்கொண்டாள். அவள் கை தோல் உரிந்து வெளுத்திருந்தது. அந்த வீட்டில் சோப்பு போட்டுக் கழுவின கை அது ஒன்றுதான் என்று எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. ஒரு தடவை பெரியவரிடம் சொல்லியும் பார்த்தேன். "உங்களுக்கென்ன சார், நீங்க மாடியில இருக்கீங்க," என்றார்.

வாண்டுக்குக் குடலில் ஓட்டை விழவில்லை. காய்ச்சல் இறங்கி, எலும்பும் தோலுமாக, தலைமயிர் கொத்துக் கொத்தாக உதிர்ந்து வீட்டுக்கு வந்தது. ஆஸ்பத்திரியில் குழாய் வழியாக ஊட்டமேற்றியிருந்தார்கள். இனி வாயால் சாப்பிட்டால்தான் பிழைக்கும், சாப்பிடாவிட்டால் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். வந்த அன்று ஒரு வாய் போகவில்லை. மறுநாளும் போகவில்லை.

நான் வேலைக்கு விடுப்புப் போட்டிருந்த நாள் அது. மதியம் தண்ணீர் எடுக்கக் கீழே வந்தேன். கூடத்தில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பெரியவள் பாலில் ஊறிய ரொட்டியை ஸ்பூனால் அதன் உதட்டில் இடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தம்பி கையில் ஒரு பொம்மையோடு நின்றிருந்தான்.

"ஆ காட்டு. ஆ. என் தங்கம்ல. ஒரு வாய். திமிரப் பாரு, பல்லக் கடிச்சுக்கிட்டு."

குழந்தை தலையைத் திருப்பியது. அழக்கூடத் தெம்பில்லை. "அம்மா," என்றது, யாரையும் பார்க்காமல்.

"அம்மாவுக்கு உடம்பு சரியில்ல. பெரியம்மா குடுக்கறேன், வாங்கிக்கோ."

பால் உதட்டோரம் வழிந்து கழுத்து மடிப்பில் இறங்கியது. பெரியவள் அதைத் தன் முந்தானையால் துடைத்தாள். அதே முந்தானையால் சற்றுமுன் மூக்கைச் சிந்தியிருந்தாள். ஸ்பூன் கீழே விழுந்தது. எடுத்து, புடவையில் தேய்த்து, மறுபடியும் ரொட்டிக்குள் விட்டாள்.

கொட்டகையில் சின்னவள் எழுந்து நிற்பது தெரிந்தது. குழாயடிக்குப் போனாள். அவசரப்படவில்லை. சோப்பைக் குழைத்து விரல் இடுக்கு, நகக்கண், கட்டைவிரல், மணிக்கட்டு என்று தேய்த்தாள். கழுவின கையைத் துடைக்காமல் உயர்த்திப் பிடித்துக்கொண்டு கூடத்துப் படியேறினாள். முழங்கை வழியாகத் தண்ணீர் சொட்டியது.

"அங்கயே நில்லு," என்றாள் பெரியவள். "உள்ள வராத."

"கழுவிட்டு ஊட்டலாம்னு டாக்டரம்மா சொன்னாங்க. நீங்களும் கேட்டீங்க அக்கா."

"அவங்க சொல்லுவாங்க. அவங்களுக்கு அது தொழிலு. எங்களுக்கு அருவருப்பா இருக்கு. சொன்னாத் தப்பா நெனைக்காத, உன் கையப் பாத்தாலே எனக்குக் கொமட்டுது."

"அன்னிக்குக் கொமட்டலையே அக்கா."

"என்னிக்கு?"

"சூட்டோட கையில வாங்கி, மூடியத் திருகிப் பாத்து, ஆளுக்கு ஒரு பேர ஒட்டிக்கிட்டீங்களே. மூணு பேரும் சிரிச்சீங்களே. அன்னிக்கு யாருக்கும் கொமட்டல."

அவள் குரலை உயர்த்தவே இல்லை. பெரியவள் ஸ்பூனைக் கிண்ணத்தில் போட்டாள். அவளுக்குக் கழுத்திலிருந்து காது வரை சிவந்தது.

சின்னவள் உள்ளே வந்து உட்கார்ந்தாள். குழந்தையைப் பெரியவள் மடியிலிருந்து எடுத்துத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். பழைய கிண்ணத்தை ஒதுக்கிவிட்டு, சமையல்கட்டிலிருந்து வேறு கிண்ணமும் ஸ்பூனும் கொண்டுவரச் சொன்னாள். தம்பி ஓடிப்போய்க் கொண்டுவந்தான். ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, சூடான பாலை ஊற்றி, ஊறும்வரை பொறுத்திருந்தாள். முதல் ஸ்பூனை நீட்டினாள். நடுவழியில் நிறுத்திவிட்டாள். அவளுக்கே அந்தக் கைமேல் பயம் இருந்தது, அது நன்றாகத் தெரிந்தது. குழந்தை காத்திருந்து பார்த்துவிட்டுத் தானாகக் கழுத்தை நீட்டி ஸ்பூனைக் கவ்வியது.

ஒரு வாய் போயிற்று. இன்னொரு வாய். மென்று முடிப்பதற்குள் வாயைத் திறந்தது. நான் குடத்தோடு வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கமில்லாமல் கண் கலங்கியது.

தம்பி மெல்ல நகர்ந்து மனைவியின் பக்கத்தில் மண்டியிட்டான். ஏதோ சொல்ல நினைத்து, சொல்லத் தெரியாமல், குழந்தையின் உதட்டோரம் ஒட்டியிருந்த ரொட்டித் துணுக்கை எடுக்க விரலை நீட்டினான். பொம்மையையும் வண்டிச் சாவியையும் பினாயில் வாளியையும் பிடித்திருந்த விரல்.

சின்னவள் அவன் கையைத் தன் முழங்கையால் தடுத்தாள். அவன் முகத்தை அவள் பார்க்கவில்லை.

"மொதல்ல போய்க் கையக் கழுவிட்டு வாங்க," என்றாள்.

அவன் எழுந்து குழாயடிக்குப் போனான்.